மனோதத்துவ ஆராய்ச்சியின் யோக்கியதை

(குன்றக்குடியில் நடந்த கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயமானது, மனோதத்துவம் என்றும் உளவியல் என்றும் சொல்லப்படுகிற சாஸ்திரத்திலே மனிதனுடைய மனதைப் பற்றி முடிவு காண்பதற்கு என்னென்ன வழிகளைக் கையாளுகிறார்கள், அவ்வழிகளில் எது எவ்வளவு தூரம் நம்பத்தக்கது, எது எந்த இடத்தில் நம்மை ஏமாற்றிவிடும் என்பதாகும். இது கல்லூரியில் பேச வேண்டிய சங்கதியல்லவா, குன்றக்குடிக் கடைவீதியில் வந்து பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். வேண்டுமென்றேதான் இங்கு பேசுகிறோம். முன்காலத்தில் "சாஸ்திரத்தில் சொல்லியிருக்கிறது" என்றவுடன் ஜனங்கள் எப்படி வாயை மூடிக் கொண்டார்களோ, அப்படியே இந்தக் காலத்தில் "ஆராய்ச்சியில் கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்றவுடன் வாயை மூடிக் கொள்ளுகிறார்கள். தைலம் விற்கிறவனும் ஆராய்ச்சி என்கிறான். சாமியாரும் ஆராய்ச்சி என்கிறார். தியான வகுப்பு நடத்திக் கட்டணம் வாங்குகிறவரும் ஆராய்ச்சி என்கிறார். இவர்கள் போகட்டும். நம்முடைய தோழர்களுங்கூட, தங்களுக்குப் பிடித்தமான முடிவு ஒன்று பத்திரிகையில் வந்துவிட்டால், அது எப்படிக் கிடைத்தது என்று ஒரு வார்த்தை கேளாமல் மேடைக்கு மேடை அதைச் சொல்லிக் கொண்டு போகிறார்கள். எதிரியின் ஆராய்ச்சியை மாத்திரம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். இது யோக்கியமான காரியமல்ல என்பதுதான் நம் அபிப்பிராயம்.

இந்தச் சாஸ்திரம் நம் நாட்டுக்கு வந்து அதிக காலமாகிவிடவில்லை. கல்கத்தா சர்வகலாசாலையில் 1916ஆம் வருஷத்திலும், சென்னை சர்வகலாசாலையில் 1943ஆம் வருஷத்திலுந்தான் இதற்கென்று தனிப்பகுதி ஏற்பட்டது. மற்ற சாஸ்திரங்களுக்கில்லாத ஒரு கஷ்டம் இதற்கு உண்டு. பக்கத்திலே காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சிக்கூடம் 1953 முதல் நடந்து வருகிறது. இவ்வூர் மடத்தின் தலைவராக இருந்த குன்றக்குடி அடிகளார் அக்கூடத்து விஞ்ஞானிகளை அழைத்து வந்து ஊர் முன்னேற்றத்துக்குத் திட்டம் போட்டது இங்குள்ள பெரியவர்களுக்கு ஞாபகமிருக்கும். அந்தக் கூடத்தில் ஒரு செப்புத் தகட்டைத் திராவகத்தில் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சினால், அந்தத் தகடு "நம்மைப் பார்த்துக் கொண்டிருக்கிறார்களே" என்று கூச்சப்படுவதில்லை. பார்க்கிற விஞ்ஞானி பெரிய மனிதராயிற்றே என்று அவருக்குப் பிடித்தமான பதிலைச் சொல்லுவதில்லை. ஜாதியைக் கேட்டவுடன் அதற்கு வியர்ப்பதில்லை. மனிதனோ இவ்வளவும் செய்வான். செய்கிறோம் என்பதை அறியாமலேயே செய்வான். ஆகையால் அவனைச் சோதிப்பதற்கு எந்த வழியைக் கையாண்டாலும், அந்த வழியே அவனைக் கொஞ்சம் மாற்றிவிடுகிறது.

உதாரணமாக, எல்லோரும் சுலபம் என்று நினைக்கின்ற வழி, போய்க் கேட்பது. இதோ நம் கண்முன் நிற்கும் மலைக்குத் தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காவடி வருகிறது. இவ்வூர் வாலிபத் தோழர்கள் சிலர், அடிவாரத்தில் நின்று காவடி எடுக்கிறவர்களை விசாரித்து முடிவைப் பிரசுரிக்கப் போவதாகச் சொல்லி, ஒரு கேள்வித்தாளை நம்மிடம் காட்டினார்கள். முயற்சியைப் பாராட்டுகிறோம். ஆனால் அதில் முதல் கேள்வியே, "காவடி எடுப்பதால் பயன் ஒன்றுமில்லை என்பது உங்களுக்குத் தெரியுமா?" என்றிருந்தது. இது கேள்வியல்ல, உபந்நியாசம். தெரியும் என்று சொன்னால் தெரிந்தும் எடுக்கிற மடையனாகிறான். தெரியாது என்று சொன்னால் ஒன்றும் தெரியாத மடையனாகிறான். கோர்ட்டிலே வக்கீல் தன் கட்சிச் சாட்சியிடம் இப்படி வார்த்தையை வாயில் போட்டுக் கேட்டால் ஜட்ஜு தடுத்துவிடுவார். கேள்வித்தாளுக்குத்தான் ஜட்ஜு கிடையாது.

கேள்வியைத் திருத்திவிடலாம். யாரைக் கேட்பது என்பதுதான் அதைவிடப் பெரிய சிக்கல். அடிவாரத்தில் வருகிறவரைக் கேட்டால், "பிள்ளைக்கு விஷ ஜுரம் வந்தது, வேண்டிக் கொண்டேன், பிழைத்துக் கொண்டான், காவடி எடுக்கிறேன்" என்பார். அடுத்தவரும் அப்படியே சொல்லுவார். நூறு பேரைக் கேட்டால் நூறு பேருக்கும் வேண்டுதல் பலித்திருக்கும். ஏன்? பிள்ளை செத்துப் போனவன் காவடி எடுத்துக் கொண்டு வரமாட்டானல்லவா? அவன் வீட்டிலே இருக்கிறான். அவனை யாரும் கேட்கவில்லை. பரீட்சையில் தேறினவர்களை மாத்திரம் கூட்டி வைத்துக் கொண்டு "பரீட்சை சுலபந்தானே?" என்று கேட்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. அவர்கள் பொய் சொல்லுகிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் மெய்யே சொல்லுகிறார். அத்தனை மெய்யும் சேர்ந்து ஒரு பொய்யாகிறது. உண்மை தெரிய வேண்டுமானால், வேண்டிக் கொள்ளுகிற அன்றைக்கே பெயரைக் குறித்துக் கொண்டு, வருஷம் கழித்து ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். அதே ஜுரம் வந்து வேண்டிக் கொள்ளாதவர்கள் வீட்டுக்கும் போகவேண்டும். யார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்பதையும் குறிக்க வேண்டும். இவ்வளவு பாடுபட யாருக்கு மனமிருக்கிறது?

கேட்பதிலே இன்னொரு வில்லங்கம் உண்டு. 2011-12ஆம் வருஷங்களில் இந்தியா முழுவதும் வீடு வீடாகப் போய் எடுத்த ஒரு பெரிய கணக்கில், தங்கள் வீட்டில் ஏதோ ஒரு வகையில் தீண்டாமை அனுஷ்டிக்கப்படுகிறது என்று ஒப்புக் கொண்டவர்கள் நூற்றுக்கு 27 பேர். கவனியுங்கள்: அனுஷ்டிக்கிறவர்கள் 27 என்பதல்ல, முன்பின் தெரியாதவன் தாளும் பேனாவுமாக வந்து கேட்டபோது ஒப்புக் கொண்டவர்கள் 27. சட்டப்படி குற்றமான காரியத்தை ஒப்புக் கொள்ளுகிறவர்கள் இவ்வளவு என்றால், ஒப்புக் கொள்ளாதவர்கள் எவ்வளவோ? அந்தக் கணக்கினால் அதைச் சொல்ல முடியாது. வாய் சொல்லுவதும் கை செய்வதும் ஒன்றல்ல என்பது இதற்கு வெகு முன்பே தெரிந்த விஷயந்தான். அமெரிக்காவிலே லாபியர் என்பவர், சீனர்களை வெறுக்கிற காலத்தில், ஒரு சீனத் தம்பதியுடன் ஊர் ஊராகப் பிரயாணம் செய்தார். ஏறக்குறைய 250 ஓட்டல்களிலும் சாப்பாட்டு விடுதிகளிலும் நுழைந்ததில் ஒரே ஒரு இடத்தில்தான் இடமில்லை என்றார்கள். பிறகு அதே இடங்களுக்கு "சீனர்களை ஏற்றுக் கொள்ளுவீர்களா?" என்று கடிதம் எழுதினார். பதில் எழுதினவர்களில் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டவர்கள் "மாட்டோம்" என்றார்கள்! இதை 1934இல் பிரசுரித்தார். அங்கே வாய் பொல்லாதது, கை நல்லதாயிருந்தது. நம் நாட்டில் பெரும்பாலும் தலைகீழ்.

ஆகையால் சிலர் கேட்பதையே விட்டுவிட்டு வேறு தந்திரம் செய்தார்கள். சுகதேவ் தோரட், பால் அட்வெல் என்ற இருவர், பத்திரிகைகளில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பி, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். படிப்பும் தகுதியும் ஒன்றே. பெயர் மாத்திரம் வேறு. ஒன்றில் மேல்ஜாதிப் பெயர், ஒன்றில் தாழ்த்தப்பட்ட ஜாதிப் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். நேரில் வரச்சொல்லிக் கடிதம் வரும் வாய்ப்பு மேல்ஜாதிப் பெயருக்கு 100 என்று வைத்துக் கொண்டால், தாழ்த்தப்பட்டவர் பெயருக்குச் சுமார் 67; முஸ்லிம் பெயருக்குச் சுமார் 33. முதலாளிகளை நேரே போய்க் கேட்டிருந்தால் "நாங்கள் தகுதியைத்தான் பார்க்கிறோம்" என்று ஒவ்வொருவரும் சொல்லியிருப்பார்கள். ஆனால் இந்த வழிக்கும் ஒரு எல்லை உண்டு. கதவு மூடப்பட்டது என்பதை இது ருஜுப்படுத்துகிறது. மூடினவன் மனதில் என்ன இருந்தது என்பதைச் சொல்லாது. விளம்பரமே இல்லாமல் உறவுமுறையில் கொடுக்கப்படும் வேலைகளை இது தொடவேயில்லை.

நிற்க. கேட்க வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதுமே, பிரத்தியட்சத்துக்கு மிஞ்சினது உண்டா என்பார்கள். 1904ஆம் வருஷத்தில் ஜெர்மனியில் பெர்லின் பட்டணத்திலே ஒரு குதிரை இருந்தது. ஹான்ஸ் என்று பெயர். கூட்டல், கழித்தல், இன்று தேதி என்ன என்று எது கேட்டாலும் குளம்பால் தட்டிச் சரியான விடை சொல்லும். அதன் சொந்தக்காரர் காசு வாங்கவில்லை, மோசக்காரரும் அல்ல. பெரிய பண்டிதர்கள் கமிட்டி போட்டுப் பார்த்து, இதில் பித்தலாட்டம் ஒன்றுமில்லை என்றே சொன்னார்கள். பிறகு பூங்ஸ்ட் என்ற ஒருவர் ஒரு சின்னக் காரியம் செய்தார். கேட்கிறவருக்கே விடை தெரியாத கணக்கைக் கேட்கச் சொன்னார். குதிரை திருதிருவென்று விழித்தது. விஷயம் என்னவென்றால், கேட்கிறவர் குளம்பைப் பார்ப்பதற்காகத் தலையைச் சற்றுக் குனிந்திருப்பார். சரியான எண் வந்தவுடன் தம்மையறியாமல் தலையை மயிரிழை நிமிர்த்துவார். குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்திவிடும். அதற்குக் கணக்குத் தெரியாது, மனிதனைத் தெரியும்.

நம் தெருவில் வரும் பூம்பூம் மாட்டுக்காரனுக்கு இந்த ரகசியம் பரம்பரையாகத் தெரியும். அவன் உறுமியில் ஒரு இழுப்பு இழுத்தால் மாடு தலையாட்டுகிறது, "இந்த வீட்டு அம்மாவுக்கு நல்ல காலம் வருகிறதா?" என்று கேட்டுவிட்டு அந்த இழுப்பை இழுப்பான். அவனாவது வயிற்றுக்காகத் தெரிந்து செய்கிறான். ஆராய்ச்சிக்காரர் தெரியாமலே செய்துவிடக் கூடும். தம் எண்ணம் சரியென்று நிலைநாட்ட ஆசைப்படுகிறவர், பிள்ளைகளைச் சோதிக்கும்போது, சரியான விடையருகில் அவர் குரல் கொஞ்சம் மாறலாம். ஆகையினால்தான், எது எதிர்பார்க்கப்படுகிறது என்பதைச் சோதிக்கிறவருக்கே தெரியாமல் வைப்பது இன்று நல்ல ஆராய்ச்சிக்கு முதல் லக்ஷணமாகியிருக்கிறது.

இப்படிக் கண்ணைக் கட்டிச் சோதித்ததற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணமிருக்கிறது. வானசாஸ்திரி ஜயந்த் நார்லிகரும், நரேந்திர தபோல்கர் முதலியவர்களும் 2008இல் மகாராஷ்டிரத்தில் ஜோசியர்களைக் கூப்பிட்டார்கள். படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள் 100 பேர், அறிவு வளர்ச்சிக் குறைவுள்ள பிள்ளைகள் 100 பேர். இவர்களுடைய ஜாதகங்களைக் கலந்து, ஆளுக்கு 40 கொடுத்து, எது எவருடையது என்று பிரிக்கச் சொன்னார்கள். பிரித்து அனுப்பின ஜோசியர்கள் 27 பேர். சராசரியாக நூற்றுக்கு 46 சரி. காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தால் 50 சரியாக இருந்திருக்கும். அந்தத் தபோல்கரை 2013ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் பூனாவில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். ஜாதகத்தைச் சோதிக்கிறவர் உயிருக்கு ஆபத்து. ஜாதகம் எழுதுகிறவருக்கு ஒரு ஆபத்துமில்லை.

ஜோசியம் பலிக்கவில்லை என்றால் ஜனங்கள் ஏன் "அப்படியே சொல்லிவிட்டான்" என்கிறார்கள் என்று கேட்பீர்கள். போரர் என்ற அமெரிக்க மனோதத்துவ ஆசிரியர் 1948இல் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு பரீட்சை வைத்து, அவரவர் குணத்தை எழுதித் தனித்தனியே கொடுத்தார். எவ்வளவு பொருத்தம் என்று 5க்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26. பிறகு எல்லோர் தாளையும் உரக்கப் படிக்கச் சொன்னால், 39 பேருக்கும் ஒரே தாள்! கடையில் விற்ற ஜோசியப் புஸ்தகத்திலிருந்து எடுத்தது. நம் கிளி ஜோசியன் சீட்டும் அதேதான். ஆனால் இதைக் கேட்டு ஜோசியனைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், உத்தியோகத்துக்கு ஆள் எடுக்கும் கம்பெனிகள் வைக்கும் "குணப் பரீட்சை"களையும் கொஞ்சம் பார்த்துச் சிரிக்க வேண்டும். "என்னைப் பற்றிச் சரியாகச் சொல்லிற்று" என்பது எந்தப் பரீட்சைக்கும் அத்தாட்சியாகாது.

இனி, ஒரே ஆளை அல்லது ஒரே சம்பவத்தை ஆழமாகப் பார்த்து எழுதுகிற வழி. இதை இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. பிரான்சு தேசத்தில் புரோக்கா என்ற டாக்டர் 1861இல் பேச்சை இழந்த ஒரே நோயாளி செத்தபின் அவன் மூளையைத் திறந்து பார்த்து, கெட்டுப் போயிருந்த பாகத்தைக் கண்டார். பேச்சு மூளையின் ஒரு இடத்தைச் சார்ந்தது என்ற ஞானத்துக்கு அந்த ஒரு ஆள் வழி திறந்தான். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. அதே மாதிரி வேறு நோயாளிகளையும் பார்த்தார். வங்காளத்தில் நடந்ததைப் பாருங்கள். 1920இல் மிட்னாப்பூரில் அநாதை ஆசிரமம் நடத்திய சிங் என்ற பாதிரியார், ஓநாய்க் குகையிலிருந்து இரண்டு பெண் குழந்தைகளை எடுத்து வந்ததாகச் சொன்னார். அமலா, கமலா என்று பெயர். நாலுகாலால் நடந்தன, இரவில் ஊளையிட்டன என்றெல்லாம் எழுதி வைத்தார். ஒன்று 1921லும் மற்றொன்று 1929லும் இறந்து போயின. 1941இல் அமெரிக்கப் பேராசிரியர் கெசல் இதை மெய்யென்று எடுத்துக் கொண்டு புஸ்தகமே போட்டார். உலகமெங்கும் பாடப் புஸ்தகத்தில் ஏறிவிட்டது. பிற்பாடு ஆக்பர்ன், போஸ் என்ற இருவர் நேரில் போய் விசாரித்து 1959இல் எழுதினார்கள். ஓநாய் வளர்த்தது என்பதற்கு நம்பத்தக்க ருஜு கிடைக்கவில்லை. குழந்தைகள் பிறவியிலேயே ஊனமுள்ளவர்களாக இருந்திருக்கலாம் என்று பலர் சொல்லுகிறார்கள். பார்த்தவர் ஒருவர், எழுதினவர் அவரே, சாட்சியும் அவரே. இதைக் கோயில் ஸ்தல புராணத்தில் படித்தால் நாம் நம்புவோமா?

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். இங்கிருந்து நகரத்தார் காவடி கட்டிக் கொண்டு நடந்து போகிறார்களே, அந்தப் பழனி இருக்கிற திண்டுக்கல் மாவட்டத்திலே வேலாயுதம்பாளையம்புதூர் என்று ஒரு ஊர். அங்கே முத்துசுவாமி கோயில். சித்தம் கலங்கினவர்களைக் கொண்டுவந்து அங்கே தங்க வைப்பது வழக்கம். பெங்களூர் மனநோய் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் ரகுராமும் அவர் கூட்டாளிகளும் அங்கே போய், தங்க வந்த 31 பேரை வரும்போதும் போகும்போதும் நோய்க்குறிகளை எண்ணால் அளக்கும் ஒரு அளவுகோலால் அளந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் கடுமையான மனச்சிதைவு நோயாளிகள். சராசரியாக 6 வாரம் தங்கினார்கள். பேயோட்டுதல் முதலிய விசேஷச் சடங்கு ஒன்றும் கிடையாது. காலையில் பூஜை, பிறகு கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சில்லறை வேலைகள். அளவு 52.9இலிருந்து 42.9க்கு இறங்கியது, அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 20 பங்கு குறைவு. சில மருந்துகளால் உண்டாகும் குணத்துக்கு இது சமானம் என்று 2002இல் இங்கிலாந்து வைத்தியப் பத்திரிகையில் எழுதினார்கள்.

இதைக் கேட்டவுடன் வைதீகர்கள் "பார்த்தீர்களா, சுவாமியின் மகிமையை வெள்ளைக்காரன் பத்திரிகையே ஒப்புக் கொண்டது" என்று கூத்தாடுகிறார்கள். நம் தோழர்களோ "இது புரட்டு, விலைக்கு எழுதினது" என்கிறார்கள். இரண்டு பேரும் அதைப் படிக்கவில்லை என்பதே நம் எண்ணம். எழுதினவர்கள் சுவாமியைச் சொல்லவேயில்லை. பயமுறுத்தாத, ஆதரவான இடத்தில் சொந்தக்காரர்களோடு இருந்ததே காரணமாயிருக்கலாம் என்றுதான் சொன்னார்கள். பூசாரி வாய்மொழியை எடுத்துக் கொள்ளாமல், நேரில் போய், ஒரே அளவுகோலால் இரண்டு தடவை அளந்தது அவர்களுடைய பலம். அதை நாம் மறைக்கக் கூடாது.

பலவீனம் எங்கே என்றால், ஒத்துப் பார்க்க வேறு கூட்டம் இல்லை. நோயாளியை ஒரு குடும்பம் எப்போது கோயிலுக்குக் கொண்டு வரும்? நோய் உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்தில் இருப்பது எதுவும் சில வாரத்தில் கொஞ்சமாவது இறங்கும். வீட்டிலேயே இருந்திருந்தாலும் இறங்கியிருக்கலாம். சென்னையிலே 1981-82இல் முதல் தடவையாக நோய் கண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த மனச்சிதைவு நோயாளிகள் 90 பேரை விடாமல் வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். நோய் ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பதை அதிலே காணலாம். (அந்த வழிக்கும் கஷ்டமுண்டு: 20 வருஷம் கழித்துப் பார்க்கக் கிடைத்தவர்கள் 61 பேர்தான். சிலர் செத்தார்கள், சிலர் அகப்படவில்லை. அகப்படாதவர்கள் கதி என்ன என்பது முடிவை மாற்றக் கூடியது.) மேலும், கோயிலில் அளந்தவருக்கு இது முதல் அளவு, இது கடைசி அளவு என்பது தெரியும். 31 பேர் என்பது சிறு தொகை. ஆறு வாரத்து அளவு, வீட்டுக்குப் போய் ஒரு வருஷம் கழித்து என்னவாயிற்று என்பதைச் சொல்லாது. ஆகவே "கோயிலில் தங்கினவர்களுக்குச் சற்றுக் குணம் தெரிந்தது" என்பதுவரைக்கும் ஒப்புக் கொள்ளலாம். "கோயிலினால் குணமாயிற்று" என்பதை ஒப்புக் கொள்ளுவதற்கு இடமில்லை.

இந்த வித்தியாசம் வெறும் வார்த்தைச் சண்டையல்ல, தோழர்களே. நம் மாவட்டத்துக்கு அடுத்த இராமநாதபுரம் மாவட்டத்தில், ஏர்வாடியில், 2001ஆம் வருஷம் ஆகஸ்டு 6ந் தேதி விடியற்காலையில் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கருகிச் செத்தார்கள். ஓட முடியவில்லை. கோயிலானாலும் தர்காவானாலும் புண்ணிய ஸ்தலத்தில் வைத்தால் குணமாகும் என்று நம்பித்தான் குடும்பங்கள் அங்கே விட்டிருந்தன. 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் சங்கிலி போடுவதை அடியோடு தடுத்திருக்கிறது. திண்டுக்கல் முடிவைக் காட்டி ஏர்வாடிக்குச் சமாதானம் சொல்ல ஒருவருக்கும் யோக்கியதை கிடையாது. ஏர்வாடியைக் காட்டி, திண்டுக்கல்லில் அளந்ததே பொய் என்று சொல்லவும் நமக்கு யோக்கியதை கிடையாது.

பின் எப்படிச் சோதிப்பது? ஆப்பிரிக்காவில் கானா நாட்டிலே செய்து காட்டியிருக்கிறார்கள். அங்கே ஒரு கிறிஸ்தவ ஜெப முகாமில் இருந்த மனநோயாளிகள் 139 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஜெபம் மாத்திரம், மறுபாதிக்கு ஜெபத்தோடு மருந்தும் என்று 6 வாரம் நடத்தி, 2018இல் வெளியிட்டார்கள். குலுக்கிப் போடுவதால் பணக்காரன், ஏழை, நோய் முற்றினவன், முற்றாதவன் எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாக விழுகிறார்கள். இந்த வழியின் பலமே அதுதான். மருந்து சேர்ந்த பக்கத்தில் நோய்க்குறி அதிகமாகக் குறைந்தது. ஆனால் சங்கிலியில் கிடந்த நாட்கள் இரண்டு பக்கமும் குறையவில்லை! மருந்து மூளைக்குப் போயிற்று. சங்கிலி போட்டவர்கள் புத்திக்குப் போகவில்லை. நல்ல சோதனை இப்படித்தான், யாருக்கும் முழுத் திருப்தி தராத உண்மையைச் சொல்லும். ஆகவே, நாளைக்கு ஒரு தாய் சித்தம் கலங்கின மகனோடு மலையடிவாரத்துக்கு வந்தால், அவளைப் பரிகாசம் செய்யாமல், மருந்தை நிறுத்தாதே, சிவகங்கையில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது என்று சொல்லிக் கூட்டிக் கொண்டு போங்கள். அன்பாக நடத்துவதும் வேலை கொடுப்பதும் கோயிலுக்கு மாத்திரம் சொந்தமல்ல. அது வீட்டிலும் நடக்கலாம்.

இவ்வளவு நேரம் எதிர்க்கட்சியார் கொண்டாடும் ஆராய்ச்சியைத் தராசில் வைத்தோம். இனி நாம் கொண்டாடும் ஒன்றை அதே தராசில் வைப்போம். ஐக்கிய மாகாணம் என்று அக்காலத்தில் சொல்லப்பட்ட உத்தரப் பிரதேசத்திலே, கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு அம்மையார்கள், மேல்ஜாதிப் பையன்கள் 321 பேரையும் தாழ்த்தப்பட்ட பையன்கள் 321 பேரையும் உட்கார வைத்து, வழி கண்டுபிடிக்கும் புதிர்க் கட்டங்களைக் கொடுத்தார்கள். போட்டுமுடித்த கட்டத்துக்குத் தக்கபடி காசு. ஜாதியைச் சொல்லாமல் நடத்தியபோது இரு சாராரும் சமமாகப் போட்டார்கள். பெயரையும் தகப்பன், பாட்டன் பெயரையும் ஜாதியையும் எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படித்துவிட்டு நடத்தியபோது, தாழ்த்தப்பட்ட பையன்கள் போட்டது சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து போயிற்று. அதே பையன், அதே மூளை! 2006இல் இது பெரிய பத்திரிகையில் வந்தது. நம்மவர்கள் இதைச் சொல்லாத மேடை கிடையாது.

இது நல்ல சோதனைதான். குலுக்கிப் போட்டார்கள், ஒத்துப் பார்க்கக் கூட்டம் வைத்தார்கள், ஆள்தொகையும் கௌரவமானது. ஆனால் பையன்கள் மாத்திரமே, பெண்கள் இல்லை. ஒரு வட்டாரம், ஒரே மாதிரிப் புதிர், சிறிது நேரம். ஜாதியைச் சொன்னவுடன் பையன் தன்னைத் தாழ்வாக நினைத்தானா, அல்லது "நமக்கு எங்கே நியாயமாகக் காசு கொடுக்கப் போகிறார்கள்" என்று கைவிட்டானா? இரண்டுக்கும் பரிகாரம் வேறு வேறு. அன்றியும், இதே வகையைச் சேர்ந்த வேறு சோதனை ஒன்றைத் திருப்பிச் செய்து பார்த்தார்கள். "பெண்களுக்குக் கணக்கு வராது" என்ற பேச்சை ஞாபகப்படுத்தினால் பெண்கள் கணக்கில் குறைவாக மார்க் வாங்குவார்கள் என்று வெகுநாளாகச் சொல்லப்பட்டு வந்தது. நெதர்லாந்தில் 2,000க்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளிடம், முறையை முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்துவிட்டுச் சோதித்ததில், அப்படி ஒன்றும் காணப்படவில்லை என்று 2018இல் எழுதினார்கள். மனோதத்துவத்தில் 100 ஆராய்ச்சிகளை மறுபடி செய்து பார்த்து 2015இல் வெளியிட்ட கணக்கில், சுமார் 36தான் மறுபடியும் முதலில் போல் தேறின. போதாக்குறைக்கு, இந்தச் சாஸ்திரத்தில் சோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 96 பேர், உலக ஜனத்தொகையில் நூற்றுக்கு 12 பேரே வசிக்கிற மேல்நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று 2010இல் எழுதினார்கள். நம் ஊர் மனிதனைக் கேளாமலே "மனிதன்" என்று புஸ்தகம் எழுதப்பட்டிருக்கிறது.

"அப்படியானால் புதிர்க் கட்டத்துச் சோதனையை நாம் சொல்லக் கூடாதா?" என்று சில தோழர்கள் முகம் வாடக் காண்கிறோம். தாராளமாகச் சொல்லுங்கள். ஒரு இடத்தில், ஒரு தடவை, பையன்களிடம் கண்டது என்று சேர்த்துச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில், பெண்களையும் சேர்த்து, அதைத் திருப்பிச் செய்து பாருங்கள் என்று சர்வகலாசாலைகளைக் கேளுங்கள். ஆனால் ஒன்று. நாளைக்கு அந்தச் சோதனை திரும்பச் செய்ததில் தேறாமல் போய்விட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். அதனால் ஜாதி நியாயமாகிவிடுமா? ஒரு மனிதனைக் கிணற்றில் தண்ணீர் எடுக்காதே என்பது அநியாயம் என்பதற்குப் புதிர்க் கட்டத்தைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. அவமானம் அவன் மார்க்கைக் குறைத்தாலும் அவமானந்தான், குறைக்காவிட்டாலும் அவமானந்தான். ஆராய்ச்சி சொல்ல வேண்டியதை ஆராய்ச்சி சொல்லட்டும். நம் நியாயத்தை நாமே சொல்லலாம்.

கடைசியாக, காவடிக் கேள்வித்தாள் தயாரித்த வாலிபத் தோழர்களுக்கு. முதல் கேள்வியை அடித்துவிடுங்கள். அடிவாரத்தில் நிற்பதை விட்டு, ஊரிலே வீட்டு வரிசைப்படி சீட்டு எழுதிக் குலுக்கி எடுத்த வீடுகளுக்குப் போங்கள். காவடி எடுத்த வீடும் வரும், எடுக்காத வீடும் வரும், வேண்டிக் கொண்டும் பலிக்காத வீடும் வரும். கறுப்புச் சட்டையோடு போகாதீர்கள். சட்டையைப் பார்த்தே பாதிப் பேர் பதிலை மாற்றிவிடுவார்கள். பெண்களிடம் பெண்களே போய்க் கேட்கட்டும். புறப்படுவதற்கு முன்பு, என்ன பதில் வந்தால் நம் எண்ணம் தப்பு என்று ஒப்புக் கொள்ளுவோம் என்பதை ஒரு தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, நம் இயக்கத்தில் சேராத ஒருவரிடம், கோயில் அர்ச்சகரே ஆனாலும் சரி, உறையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். முடிவு எந்தப் பக்கம் வந்தாலும் இந்தப் பத்திரிகையில் ஒரு எழுத்துக் குறையாமல் பிரசுரிப்போம். அதற்குள் வேறு யாருக்காவது இதில் ஆக்ஷேபணை இருந்தால், இப்போதே எழுந்து கேட்கலாம். சீட்டில் எழுதி அனுப்பினாலும் படித்துப் பதில் சொல்லுகிறோம்.